நான் வெட்டிய ஆயா மரம்

தேனி தனி மாவட்டமான புதிது. தம்பி விபத்தில் போவதற்குச் சில நாள் முன்புதான் மொட்டைமாடித் தொட்டியில் ஆயா என்ற காட்டு மரத்தின் கன்று ஒன்றை நட்டிருந்தான். அம்மாதான் பார்த்துக்கொண்டாள். இரண்டே வருடத்தில் அது கிடுகிடுவென வளர்ந்துவிட்டது. போன்சாய் பற்றிப் பத்திரிகையில் படித்த ஆசையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மரத்தை ஒரு முழ உயரத்துக்கு வெட்டி, மீதிக் கிளைகளைக் கம்பி சுற்றி வளைத்தேன். பெருமையோடு அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

வெட்டிய இடத்தைத் தடவிக்கொண்டே அவள் நின்றாள்.

"நேத்துத்தான் பாத்தேன்ப்பா. அவன் தோளு உசரத்துக்கு வந்திருந்துச்சு" என்றாள்.

அழுதபடி மன்னிப்புக் கேட்டேன்.

"ஒனக்கு எப்படித் தெரியும், விடு" என்றாள்.

மரம் துளிர்த்தது. வந்தவர்கள் எல்லாம் அழகு என்றார்கள். அம்மா மட்டும் அதன்பிறகு மாடிக்கு வரவேயில்லை. வெட்டுவதற்கு முன் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.