ஹேங்கருக்குள் ஒரு மலைப்பாதை

அன்று மேனேஜர் தலையாட்டினால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் பழையபடி டிரெய்னி. குமுளியில் அக்காவின் ஏலக்காய்க் கடைப் பின்னறையில், மேலே இஸ்திரி போட்ட சட்டையும் கீழே லுங்கியுமாக லேப்டாப் முன்னால் வீடியோ மீட்டிங்கில் உட்கார்ந்திருந்தேன்.

விமானங்களைப் பழுது பார்க்கும் ஹேங்கரை அப்படியே கணினிக்குள் கட்டி ஓட்டிப் பார்ப்பதுதான் எங்கள் கம்பெனியின் தொழில். எந்த விமானத்தை எங்கே நிறுத்துவது, எந்த வேலையை எப்போது தொடங்குவது, எஞ்சினைச் சுமந்து போகும் வண்டி எந்த வழியில் போவது எல்லாம் திரையிலேயே தெரிந்துவிடும். நிஜ விமானம் எதையும் நான் தொட்டதுகூட இல்லை. ஆனால் எல்லாம் தெரியும் என்ற நினைப்புக்கு மட்டும் குறைவில்லை.

ஹேங்கரில் ஓரிடத்தில் வழி குறுகல். எதிரெதிரே இரண்டு வண்டி வந்தால் யார் ஒதுங்குவது? இதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்கிற ஆளா நான்? கீழே கம்பம் ஊரிலிருந்து மலைப்பாதையில் ஏறி வருகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி ஒதுங்கும். பிறந்ததிலிருந்து பார்க்கிற வழக்கம். ஹேங்கரில் ஏது ஏற்றம்? அதனால் சுமை வண்டியை ஏறுகிற வண்டியாக வைத்து விதி எழுதினேன். காலி வண்டி ஒதுங்கும். ஒரே ஒரு விமானத்தை உள்ளே விட்டு ஓட்டினேன், அருமையாக ஓடியது. என் தோளை நானே தட்டிக்கொண்டேன்.

மேனேஜர் கிழக்குப் பாலக்காட்டுக்காரர். "ரெண்டு விமானத்த உடுங்க தம்பி," என்றார்.

விட்டேன். கழற்றிய எஞ்சினோடு ஒரு வண்டி வெளியே வந்தது. சரிசெய்த எஞ்சினோடு இன்னொன்று உள்ளே வந்தது. முட்டுகிற தூரத்தில் இரண்டும் நின்றன. இரண்டுக்கும் தான்தான் மலை ஏறுவதாக நினைப்பு. திரையில் நாள்கள் ஓடின, வண்டிகள் அசையவில்லை.

"என்னத்துக்குங்க நிக்குது?"

"ஒண்ணு வழி விடும்னு இன்னொண்ணு காத்திருக்கு சார். ரூல் கரெக்டுதான். பாதைதான் பத்தல, அகலப்படுத்திட்டா..."

"அங்க நிக்கறது ஹேங்கர் தூணுங்க தம்பி."

அப்போதாவது வாயை மூடியிருக்கலாம். "கொஞ்சம் நகத்தி வைக்க முடியாதா சார்?" என்று கேட்டேன்.

யாரோ மைக்கை அணைக்காமலே சிரித்தார்கள். மேனேஜர் சிரிக்கவில்லை.

"ரூல எடுத்துப் போட்டுட்டு, வண்டி கெளம்பற நேரத்த மாத்திப் பாருங்க. உங்க வேலை விசயம் அடுத்த மாசம் பேசிக்கலாமுங்க."

அக்கா கதவருகே நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். "ஏலே, பிளேனையே மறிச்சுப் போட்டுட்டியாமே? வா, ஏலக்கா சலிக்க ஆளில்ல."

"கொஞ்சம் இரு அக்கா, இப்பச் சரியாயிரும்."

ஒரு வண்டியைக் கொஞ்சம் தாமதமாகக் கிளப்பினேன். இரண்டு விமானமும் ஜம்மென்று வெளியேறின. துள்ளிக் குதித்து மேனேஜரை அழைத்தேன். எடுக்கவில்லை. மெசேஜ் வந்தது: "அடுத்த மாசம்னு சொன்னனுங்கல்ல தம்பி."