சாக்ஸ் போடாமல் வாங்கிய பூட்ஸ்

துணி விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. சிறுசேரி ஆபீஸில் என்னோடு வேலை பார்ப்பவர்கள் ஜீன்ஸும் குர்த்தியுமாக வரும்போது, நான் மட்டும் பஃப் கை வைத்த ரவிக்கையும் புள்ளி போட்ட வாயில் புடவையுமாகப் போய் நிற்பேன். "இன்னைக்கு எந்த வருஷத்துலேருந்து வரீங்க மேடம்?" என்று கேன்டீனில் கேட்பார்கள். அப்படிக் கேட்கட்டும் என்றுதானே உடுத்துவதே! அந்தத் திமிரை என்னோடு வைத்துக்கொண்டிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. அதை என் அக்காவின் காலில் கொண்டுபோய் மாட்டினேன்.

அக்கா என்னைவிட எட்டு வயது மூத்தவள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். அத்தான் போன பிறகு அஸ்தினாபுரத்தில் இரண்டாவது மாடி வீட்டில் தனியாக இருக்கிறாள். ஒரே மகள் கனடாவில். மூன்று வருடமாகக் கூப்பிட்டுக்கூப்பிட்டு, போன கிறிஸ்துமஸுக்குத்தான் அக்கா சரி என்றாள். அங்கே போய் என்னவெல்லாம் பார்க்க வேண்டும் என்று நான் பட்டியல் கேட்டேன். அவளிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

"கிறிஸ்துமஸ் காலையில பனியில அவளோட நடந்தே சர்ச்சுக்குப் போகணும் டி. கார் கீர் ஒண்ணும் வேணாம்."

மகள் வீட்டிலிருந்து சர்ச் பதினைந்து நிமிட நடைதானாம். இதைக் கேட்டதும் என் தலைக்குள் விளக்கெரிந்தது. அந்தப் பதினைந்து நிமிடத்துக்கு அக்காவை நான்தான் அலங்கரிப்பேன் என்று முடிவு கட்டினேன். அந்தக் காலத்துச் சீமாட்டி மாதிரி கெண்டைக்கால் வரைக்கும் இறங்கும் கம்பளிப் பாவாடை, கழுத்தை மூடிய க்ரீம் கலர் ரவிக்கை, இடுப்பில் பெல்ட் வைத்த மெரூன் கோட்டு. குரோம்பேட்டை டெய்லர் வியர்வையைத் துடைத்துக்கொண்டே தைத்தார். "ஃபேனுக்குக் கீழ உக்காந்து கம்பளி தைக்க வெச்ச ஒரே ஆள் நீங்கதான்" என்றார். அக்கா போட்டுப் பார்த்தபோது, முப்பது வருடம் சாம்பல் நிறப் புடவையில் பள்ளிக்குப் போன பெண்ணா இது என்று எனக்கே மலைப்பாக இருந்தது. அவளுக்கும் பிடித்திருந்தது. கண்ணாடி முன்னால் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள்.

பாக்கி இருந்தது காலுக்குத்தான். "ஷூ மட்டும் நான் இங்க வாங்கிக்கறேன் சித்தி, இங்கத்த பனிக்கு வேற மாதிரி வேணும்" என்று அக்கா மகள் போனில் சொன்னாள்.

"நீ வாங்குனா கான்கிரீட் போடறவங்க பூட்ஸ் மாதிரி வாங்குவ. அந்தப் பாவாடைக்கு அது வந்தா என் உழைப்பெல்லாம் போச்சு. ஷூ என் பொறுப்பு, நீ தலையிடாத" என்றேன். பாவம், அவளும் தலையிடவில்லை.

தாம்பரத்தில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், மாடியில் ஒரு கடை. வெளிநாடு போகிறவர்களுக்கென்று ஒரு அலமாரி நிறைய குளிர்காலச் சாமான் வைத்திருப்பார்கள். அக்கா நேராகப் போய் ஒரு தடித்த கறுப்பு பூட்ஸை எடுத்தாள். அகலமான வாய், பக்கவாட்டில் ஜிப், உள்ளே புசுபுசுவென்று ரோமம், அடியில் டிராக்டர் டயர் மாதிரி ரப்பர்.

"இது கதகதன்னு இருக்கு டி."

"அய்யோ, கீழ வைக்கா. யானைக்கால் மாதிரி இருக்கு" என்றேன். அக்கா கீழே வைத்துவிட்டாள்.

நான் தேடி எடுத்தது பழுப்பு நிறத் தோல் பூட்ஸ். கணுக்காலில் ஒடுங்கி, முன்பக்கம் முழுக்கக் கயிறு பின்னி, சின்னதாக ஒரு குதிகால். அடிப்பாகமும் வழவழவென்று தோல். அக்கா வெறுங்காலில் போட்டாள். கச்சிதமாகப் பொருந்தியது. கடைக்காரர் மேஜைக்கு அடியிலிருந்து ஒரு ஜோடி கம்பளி சாக்ஸை எடுத்து நீட்டினார். வருகிறவர்கள் எல்லோரும் போட்டுப் பார்ப்பதற்கென்றே வைத்திருக்கும் பொது சாக்ஸ். என்ன நிறம் என்று சொல்ல முடியாத நிலையில் இருந்தது.

"மேடம், அங்க ரெண்டு சாக்ஸ் போட்டுக்கினுதான் வெளிய போவாங்க. இத மாட்டிக்கினு ஒருவாட்டி பாருங்க. டைட்டா இருந்தா ஒரு சைஸ் பெருசு கீது, தரேன்."

"எத்தனை பேர் கால் போட்டதோ! வேணாம்" என்றேன். ஒரு சைஸ் பெரியதைப் போட்டுப் பார்க்கவும் விடவில்லை. கணுக்கால் தொளதொளவென்று இருந்தால் அந்தப் பாணியே கெட்டுவிடும் என்று அவருக்குப் பாடம் எடுத்தேன். நம்மூரில் காலுக்கு அளவென்றால் அது வெறுங்காலின் அளவுதான். செருப்பு வாங்கியே வளர்ந்த கால்கள் நமக்கு. சாக்ஸுக்கும் இடம் விட வேண்டும் என்பது யூனிஃபார்ம் ஷூ வாங்கும் பிள்ளைகளுக்குத் தெரியும், எனக்கு உறைக்கவில்லை. பயணத்துக்கென்று வாங்கி வைத்திருந்த புது கம்பளி சாக்ஸை வீட்டுக்கு வந்தும் அக்கா பிரிக்கவில்லை. அன்றைக்கு இருந்த புழுக்கத்தில் கம்பளியைக் கையில் தொடவே யாருக்கும் மனசு வராது.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால் அக்கா போய்ச் சேர்ந்தாள். கிறிஸ்துமஸ் அன்று சாயங்காலம், அங்கே காலை, நான் கேக் வெட்டிக்கொண்டிருக்கும்போது போனில் படம் வந்தது. ஜன்னல் திரைக்கு முன்னால் கோட்டும் பாவாடையும் பூட்ஸுமாக அக்கா. அப்படியே பழைய ஆல்பத்திலிருந்து இறங்கி வந்தவள் போல இருந்தாள். உடனே ஸ்டேட்டஸில் போட்டேன். 'அலங்காரம்: அடியேன்' என்று கீழே எழுதவும் மறக்கவில்லை. நாற்பது பேராவது இதயம் அனுப்பியிருப்பார்கள். மறுநாள் அக்காவிடம் பேசினேன்.

"ஆராதனை எப்படிக்கா இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு டி."

"பூட்ஸ் எப்படி?"

"அதுக்கென்ன, எல்லாரும் கேட்டாங்க."

ஆறு வாரம் கழித்துத் திரும்பி வந்தாள். அவள் பெட்டியைப் பிரிக்க நான்தான் உட்கார்ந்தேன். பூட்ஸை எடுத்துத் திருப்பிப் பார்த்தால், கடையில் ஒட்டிய சைஸ் ஸ்டிக்கர் அடியில் அப்படியே இருந்தது. "பாத்துப் பாத்து நடந்தேன்" என்றாள் அக்கா. நானும் நம்பினேன். நல்ல தோலுக்கு நல்ல கவனம் என்று பெருமைகூடப் பட்டேன்.

பத்து நாள் போயிருக்கும். அக்கா மகள் எனக்குப் போன் செய்தாள். "அம்மாக்கு முட்டி இப்ப எப்படி இருக்கு சித்தி?"

"எந்த முட்டி? தினம் ரெண்டு மாடி ஏறுறா."

முட்டி வலியே இல்லையா என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். பிறகுதான் சொன்னாள். கிறிஸ்துமஸ் காலையில் அக்கா எல்லாம் உடுத்தி, படம் எடுத்துக்கொண்டு, வாசற்படி வரைக்கும் வந்தாளாம். திடீரென்று முட்டி பிடித்துக்கொண்டது, கார் வரைக்கும்கூடப் படி இறங்க முடியாது, நீ போய்விட்டு வா என்று மகளை அனுப்பிவிட்டு உள்ளே போய்விட்டாளாம். அதற்குப் பிறகு ஆறு வாரமும் முட்டி வலிதானாம். டாக்டரிடமும் வர மறுத்தாளாம்.

அன்று சாயங்காலமே அஸ்தினாபுரம் போனேன். அக்கா முதலில் மழுப்பினாள், பிறகு சொன்னாள். கம்பளி சாக்ஸ் போட்டால் பூட்ஸுக்குள் கால் பாதிக்கு மேல் இறங்கவில்லை. வெறுங்காலில் போட்டுக்கொண்டு படிக்கு வந்தாள். முதல் படியிலேயே வழுக்கிவிட்டது. கைப்பிடியைப் பிடித்ததால் தப்பித்தாள். கொண்டு போயிருந்த மற்றொன்று வெறும் செருப்பு, அன்று கடை எதுவும் திறந்திருக்காது.

"மறுநாள் அவகிட்ட சொல்லி வேற வாங்கியிருக்கலாமே அக்கா."

"முட்டின்னு சொல்லிட்டேனே. அப்புறம் எப்படி மாத்திச் சொல்றது? அதுவும் இல்லாம, நீ ஆசை ஆசையா வாங்கினது. பொருந்தலன்னு தெரிஞ்சா அவ உன்னத்தான் பேசுவா."

நினைவு தெரிந்த நாளிலிருந்து ஒரு கிறிஸ்துமஸ் ஆராதனையைக்கூட அக்கா தவறவிட்டதில்லை. காய்ச்சலோடு போயிருக்கிறாள். அத்தானை அடக்கம் செய்த வருடமும் போனாள். முதல் முறையாக அவளை நிறுத்தியது நான். கண்ணாடி ஜன்னல் வழியாக, மகள் தனியாகப் பனியில் நடந்து போவதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். அந்த நேரத்தில் நான் ஸ்டேட்டஸை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

"ஆராதனைக்குப் போனேன்னு எங்கிட்ட பொய் வேற சொன்னியே" என்றேன். ஆத்திரம் யார்மேல் என்று தெரியாமல் அவள்மேலேயே பாய்ந்தேன்.

அக்கா முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள். "அதுக்கு அன்னைக்கு ராத்திரியே கர்த்தர்கிட்ட மன்னிப்பு கேட்டுட்டேன் டி. நீ மனசுல வெச்சுக்காத" என்றாள்.

எனக்காகச் சொன்ன பொய்க்கு அவள் மன்னிப்புக் கேட்டு முடித்துவிட்டாள். நான் அவளிடம் இன்னும் கேட்கவில்லை.