எட்டு அங்குல ஆசை

பார்சல் அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் எடை போட்டவர் என்பதால் அவருக்குத் தராசு என்றே பெயர் நிலைத்துவிட்டது. அவருக்கு இருந்தது ஒரே ஏக்கம். சனிக் கோளின் வளையத்தைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும். பதினோரு வயதில் பாடப்புத்தகப் படத்தைப் பார்த்தபோது பிடித்த ஆசை அது. ஐம்பத்தொன்பதில் ஓய்வு பெற்ற மறுவாரமே தொலைநோக்கிக் கடைக்குக் கிளம்பினார்.

"சனியன் சனியன்னு என்னைத் திட்டினது போதாதா? நிஜ சனியையும் பாக்கணுமா?" என்றாள் மனைவி.

கடையில் நுழைந்ததும் 'ஐந்நூறு மடங்கு' என்று அச்சிட்டிருந்த பெட்டியைத் தூக்கிக்கொண்டார்.

"அதை வச்சிடுங்க சார்," என்றார் கடைக்காரர். "அவ்வளவு பெருசாக்கினா எல்லாம் கலங்கிப்போயிடும். கண்ணாடி எவ்வளவு அகலம்னு பாருங்க. ஸ்டாண்டைத் தட்டினா ஆடக் கூடாது."

மூலையில் எட்டு அங்குல அகலக் கண்ணாடியோடு தொலைநோக்கி ஒன்று நின்றது. அதைக் கண்டபின் தராசுக்கு வேறெதுவும் கண்ணில் படவில்லை.

"இதுல வளையத்தையே ரெண்டாப் பிரிக்கிற கறுப்பு இடைவெளிகூடத் தெரியும். எங்க வச்சுப் பாப்பீங்க?" என்று கேட்டார் கடைக்காரர்.

"மொட்டை மாடியில. நான் இருக்கிறது கீழ் வீடு. படி அறுபத்து மூணு, லிஃப்ட் கிடையாது."

"முட்டி எப்படி?"

"இருக்கு."

"உங்களால தினமும் வெளியே எடுத்துட்டு வர முடியறதுதான் சார் நல்ல தொலைநோக்கி. யோசிச்சுட்டு வாங்க."

குழாய் ஒன்பதரைக் கிலோ, அடிப்பலகை பதினொன்றரைக் கிலோ என்று எழுதிக்கொண்டு வந்தார். வீட்டில் செங்கல்லும் பழைய செய்தித்தாளும் வைத்து, அதே எடையில் இரண்டு மூட்டை கட்டினார். தினமும் மாலை ஐந்தே முக்காலுக்கு அவற்றை ஒவ்வொன்றாக மாடிக்குத் தூக்கினார்.

திங்களன்று பதினான்கு நிமிடம். செவ்வாயன்று பத்தொன்பது. புதனன்று முட்டி வீங்கியது; மழை வரும்போலிருக்கிறது என்று சொல்லி, மேகமே இல்லாத வானத்தைக் காட்டினார்.

வியாழனன்று மனைவி வந்து நின்றாள். "ரெண்டாம் மாடியில ஒரு மூட்டை உக்காந்திருக்கு. யாரு வீடு கட்டறாங்கன்னு அந்த வீட்டம்மா கேக்கறாங்க."

"நாளைக்கு எடுத்துடறேன்."

"நாளைக்கு உங்களை யாரு எடுக்கறது?"

சனிக்கிழமை நாலரை அங்குலத் தொலைநோக்கியை வாங்கினார். ஐந்து கிலோ. கடையை விட்டு வருமுன் பெரிய குழாயை ஒருமுறை தடவிப் பார்த்தார்.

அன்று அந்தி மங்கும்போது, மொட்டை மாடியில் முதலில் பார்த்தது மனைவிதான். "ஐயோ, நெஜமாவே வளையம் இருக்குங்க!"

அவர் குனிந்தார். எள்ளளவு மஞ்சள், அதைச் சுற்றி, ஒட்டாமல், வளையம். நாற்பத்தெட்டு வருடம். வெகுநேரம் அவர் தலையை எடுக்கவில்லை.

"போதுமா?"

"அந்தக் கறுப்பு இடைவெளி தெரியலை."

"நல்ல மனுஷன்! கீழே வாங்க."

"நீ போ, வரேன்."

சனி மெல்ல நகர்ந்து பார்வையின் விளிம்பைத் தாண்டியது. அவர் குழாயை ஒரு விரலால் தள்ளி அதை மறுபடி நடுவுக்குக் கொண்டுவந்தார். அது மறுபடி நகர்ந்தது. எதிர்க் கட்டடத்துக்குப் பின்னால் மறையும்வரை தள்ளிக்கொண்டேயிருந்தார்.