ஃபிரிட்ஜ் கதவில் ரகசியம்

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். பன்னிரண்டாவது மாடியில் மாட்டிக்கொண்ட லிஃப்டைப் பத்து நிமிடத்தில் கீழே இறக்கிவிடுவார். ஆறு வயது மகள் போடுகிற திட்டம் மட்டும் அவர் மண்டையில் ஏறாது. என் மண்டையிலும் ஏறவில்லை என்பதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

சாயங்காலம் வந்ததும் சோப்புப் போட்டுக் கையைத் தேய் தேய் என்று தேய்ப்பார். நகத்துக் கிரீஸ் அசையாது. அந்தக் கறுப்பு நகத்தோடேயே மகளை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே விரலை ஓட்டிக் கதைப் புத்தகம் படிப்பார். யானைக்கு ஒரு குரல், எலிக்கு ஒரு குரல். பக்கத்து வீட்டுக்காரி சுவரைத் தட்டும்வரை அமர்க்களம்தான்.

இவ்வளவு செய்தும் பள்ளிக்கூடத்தில் மகள் வாயே திறக்கவில்லை. டீச்சர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "ஒரு எழுத்துகூடப் படிக்க மாட்டேங்கறா. திங்கட்கிழமை கடைசியா ஒரு தடவை கேட்டுப் பாக்கறேன். அப்பவும் படிக்கலைன்னா அடுத்த வருஷமும் இதே வகுப்புதான்."

வீட்டில் சொன்னதும் வீட்டுக்காரர் முகம் தொங்கிப்போனது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. மகளுக்குத் தெரியக் கூடாததைச் சீட்டில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுவோம். படிக்கத் தெரியாத பிள்ளைதானே என்ற தைரியம். 'ஐஸ்கிரீம் பட்டாணிப் பைக்கு அடியில்' என்று அந்த வாரம் நான் ஒட்டினேன். மறுநாள் டப்பா பாதி காலி. அவர்மேல் பாய்ந்தேன்.

"சத்தியமா நான் தொடலம்மா."

"அப்ப பட்டாணியா தின்னுச்சு?"

வெள்ளிக்கிழமை அவர் ஒட்டினார்: 'நாளைக்கு ஊசி. பூங்காவுக்குப் போகிறோம் என்று சொல்.' சனிக்கிழமை காலையில் மகளைக் காணோம். வீட்டையே புரட்டிப் போட்டபின், துணி அலமாரிக்குள் போர்வைக்கு அடியில் ஒரு கால் தெரிந்தது.

"வெளிய வாடா தங்கம், பூங்காவுக்குப் போலாம்" என்று கொஞ்சினார் அவர்.

"பொய். ஊசிக்கு."

"யார் சொன்னா?"

"ஃபிரிட்ஜ்."

இரண்டு பேரும் ஃபிரிட்ஜ் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தோம். அவர்தான் முதலில் தரையில் உட்கார்ந்தார். "ஏன் கண்ணு, டீச்சர்கிட்ட படிச்சுக் காட்டியிருக்கலாமே?"

போர்வை பேசியது. "டீச்சர் உங்ககிட்ட சொல்லிடுவாங்க. நான் படிக்கக் கத்துக்கிட்டா அப்பாவுக்குக் கதை படிக்கிற வேலை மிச்சம்னு அம்மாதான் சொன்னாங்க."

சொன்னேன்தான். அவருக்கு முதுகு பிடித்துக்கொண்ட ஒரு நாள், வாய் சும்மா இருக்காமல் சொல்லித் தொலைத்தேன். என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. அவர் என்னைப் பார்த்த பார்வையில் ஐஸ்கிரீம் பழியும் சேர்ந்திருந்தது.

எழுந்துபோய் ஒரு சீட்டு எழுதி எடுத்துவந்தார். 'நீ படித்தாலும் அப்பா உனக்குத் தினமும் ஒரு கதை படிப்பேன்.' போர்வைக்குள் நீட்டினார். எழுத்துக்கூட்டிப் படிக்கும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு கை வெளியே வந்து பென்சிலைப் பிடுங்கிக்கொண்டு போனது. சீட்டு திரும்பி வந்தபோது 'ஒரு' அடிபட்டு, மேலே 'ரெண்டு' என்று கோணல்மாணலாக இருந்தது.

"ஊசி போட்டப்புறம்தான் கையெழுத்து" என்றார் அவர், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

திங்கட்கிழமை டீச்சர் முன்னால் ஒரு பக்கம் முழுக்கத் தடங்கலில்லாமல் படித்தாளாம். வீட்டில் அப்பா மடியில் ஏறிவிட்டால் மட்டும் ஒரு எழுத்தும் தெரியாது. "இது என்னப்பா எழுதியிருக்கு?" என்கிறாள். அவரும் ஒன்றும் தெரியாதவர்போலப் படித்துக் காட்டுகிறார்.