மோதாமல் போனவர்

அறுபதுகளில் மலேசியாவின் கேமரன் மலையிலிருந்து சிங்கப்பூருக்கு லாரியில் காய்கறி ஏற்றி வந்தேன். பக்கத்து இருக்கையில், மலை பார்க்க வந்த என் மனைவி. வழியில் பழுதாகி நின்ற சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டுக் கடை லாரி ஒன்றைச் சங்கிலியில் இழுத்துவர ஒப்புக்கொண்டேன்.

“பிரேக் விட்டுப்போனா என் வண்டியில மோதிக்குங்க லா. என்ஜினையே இழுத்துப் பிடிக்கிற எக்ஸாஸ்ட் பிரேக் இருக்கு, ரெண்டையும் தாங்கும்” என்று அதன் டிரைவரிடம் சொன்னேன்.

இறக்கத்தில் அவர் வண்டி பாய்ந்து வந்தது. மோதவில்லை. பாறைப் பக்கம் திருப்பிவிட்டார். சங்கிலி அறுந்தது.

ஓடினேன். நசுங்கிக் கிடந்தார்.

“மோதச் சொன்னேனேய்யா!”

“அக்கா உள்ள இருக்காங்களே...”

அதுவே கடைசிப் பேச்சு.

என் பிரேக் தாங்கியிருக்கும் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் என் மனைவியை வைத்து அதைச் சோதித்துப் பார்க்க, முன்பின் தெரியாத அவருக்கு மனம் வரவில்லை. எனக்கு வந்திருந்தது.