துரையின் மரத்தில் நான் போட்ட வெட்டு

ரப்பர் விலை தரையைத் தொட்டு, அங்கேயே பாய் விரித்துப் படுத்துவிட்ட வருஷங்கள் அவை. பினாங்குத் துறைமுகத்துக்கு எதிரே, உப்புக்காற்றும் கருவாட்டு வாசனையும் ஜன்னல் வழியாகத் தாராளமாக வந்துபோகும் ஓர் அரசாங்க அலுவலகத்தில் நான் கிராணியாக இருந்தேன். கிராணி என்றால் குமாஸ்தா. நாகப்பட்டினத்தில் கப்பலேறியபோது எனக்கிருந்த சொத்து, மெழுகுத் துணியில் சுற்றிய ஒரு பள்ளிக்கூடச் சான்றிதழும், கொஞ்சம் அழகான கையெழுத்தும்தான். அந்தக் கையெழுத்தை நம்பித்தான் சர்க்கார் எனக்கு ஒரு நாற்காலி கொடுத்திருந்தது.

தோட்டங்களில் ஆட்களை வேலையிலிருந்து நிறுத்திக்கொண்டே இருந்தார்கள். வேலை போனவர்களை இலவச டிக்கெட்டில் ஊருக்கு அனுப்பிவிடுவது என்று சர்க்கார் முடிவு செய்திருந்தது. விலை ஏறியிருந்த காலத்தில் அவர்களை இலவச டிக்கெட்டில் இங்கே அழைத்துவந்ததும் இதே சர்க்கார்தான். டிக்கெட் விஷயத்தில் அதன் தாராளத்தைக் குறை சொல்லவே முடியாது.

என் மேஜைக்கு வருகிறவரிடம் என்ன வேலை தெரியும் என்று நான் கேட்க வேண்டும். பதிவேட்டில் இரண்டு பத்திகள் இருந்தன. ஒன்று ‘கூலி’, மற்றது ‘தொழில் தெரிந்தவர்’. கூலி என்றால் கப்பல். தொழில் தெரிந்தவர் என்றால், யாராவது ஒரு முதலாளி ‘இவர் எனக்குத் தேவை’ என்று எழுதிக் கொடுத்த கடிதத்தைக் காட்டி இங்கேயே இருந்துவிடலாம். எதெது தொழில் என்பதற்கு ஓர் அச்சடித்த பட்டியல் என் தலைக்கு மேலே சுவரில் ஒட்டியிருந்தது. தச்சர், கொல்லர், கொத்தனார், மோட்டார் ஓட்டி, சமையற்காரர், பங்களாத் தோட்டக்காரர், கிராணி. அந்தக் கடைசி வார்த்தையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு முதுகு தானாக நிமிரும்.

எனக்குப் படிப்புப் பைத்தியம் உண்டு. கையில் புத்தகம் இல்லாத நேரத்தில் அந்தப் பட்டியலையே படிப்பேன். சமையற்காரர் இருக்கிறார், தண்டவாளம் போடுகிறவர் இல்லை. ரோஜாச்செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறவர் இருக்கிறார், தோணியில் சரக்கு ஏற்றுகிறவர் இல்லை. எந்தக் கணக்கில் இதைச் சேர்த்தார்கள், எதை வைத்துத் தள்ளினார்கள்? வருஷக்கணக்காக இந்தக் கேள்வி என்னைக் குடைந்தது. எங்கள் ஆபீசை நடத்தும் வெள்ளைக்காரத் துரையிடம் கேட்கலாம். ஆனால் துரையிடம் கேள்வி கேட்பது பட்டியலில் உள்ள தொழில் அல்ல.

எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் ஒரு சூட்சுமம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். கேள்வியே வேண்டாம், உள்ளங்கையைப் பார். காய்த்திருந்தால் கூலி. தச்சருக்கும் கொல்லருக்கும்கூடக் கை காய்க்குமே என்றேன். அவர்கள் கருவியோடு வருவார்கள், அதை வைத்துத் தெரிந்துகொள் என்றார். எனக்கு அது பெரிய விஞ்ஞானமாகத் தோன்றியது. அன்றிலிருந்து ஜோசியன் மாதிரிக் கை பார்த்தே காலம் தள்ளினேன். எல்லாருக்கும் கடல் பிரயாணம்தான் எழுதியிருந்தது.

கப்பல் புறப்பட மூன்று நாள் இருக்கும்போது, ஒரு முற்பகலில், வரிசை வெளிக் கதவு வரை நீண்டிருந்தது. முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள் முன்னால் வந்தார். கையில் துணி மூட்டை. அவருக்குப் பக்கத்தில், குடையும் ஒரு கடிதமுமாக வயதான சீனர் ஒருவர்.

“கையை நீட்டும்மா” என்றேன். நீட்டினார். காய்த்திருந்தது. நான் பேனாவை மையில் தோய்த்தேன்.

“எழுதாதீங்க கிராணியாரே, கொஞ்சம் பொறுங்க. என் வீட்டுக்காரர் ஜெரஜாக் தீவுல இருக்காரு.”

பினாங்கை ஒட்டிய அந்தத் தீவில் பெருநோய், அதாவது தொழுநோய், கண்டவர்களை வைத்திருந்தார்கள். போனவர்கள் திரும்புவது அபூர்வம். மாதம் ஒருமுறை சொந்தக்காரர்கள் படகில் போய், வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பேசிவிட்டு வரலாம்.

“அவரைக் கப்பல்ல ஏத்த மாட்டாங்க. என்னை இங்க இருக்க விட மாட்டீங்க. மாசம் ஒருவாட்டி வேலிக்கு அந்தாண்ட நின்னு என் மொகத்தத்தான் பாக்குறாரு. நானும் போயிட்டா அந்த மனுசன் யாரு மொகத்தப் பாப்பாரு?”

சீனர் கடிதத்தை நீட்டினார். புக்கிட் மெர்தாஜாமில் சின்ன ரப்பர் தோட்டம் வைத்திருக்கும் முதலாளி, எங்கள் ஊர்ப் பேச்சில் தவுக்கே. “எனக்கு வேணும் லா, கிராணி” என்றார். “வேற ஆள் வெட்டி நம்ம மரம் எல்லாம் சாவுது. இந்த அக்கா வெட்டி, மரம் பாகுஸ்! நல்லா இருக்கு!”

“லெட்டர் சரி தவுக்கே. ஆனா தொழில்?” என்று தலைக்கு மேலே இருந்த பட்டியலைக் காட்டினேன். “ரப்பர் மரத்துல பால் வெட்டறது இதுல இல்லையேம்மா. பின்னாடி வரிசையப் பாரு, எல்லாரும் அதைத்தானே செய்றாங்க?”

எல்லாரும் செய்வதால் அது தொழில் இல்லை என்பது என் தர்க்கம். நான் படித்த இத்தனை புத்தகங்களில் ஒன்றாவது என்னை எச்சரித்திருக்கலாம்.

அந்த அம்மாள் என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். “உங்க கையக் காட்டுங்க” என்றார். பழக்க தோஷம், கை என்றதும் நீட்டிவிட்டேன்.

“அட, நடுவெரல்ல காய்ப்பு இருக்கே! பேனா புடிச்சதா? அப்ப நீங்களும் கப்பல்தான்.”

வரிசை முழுவதும் சிரித்தது. “கிராணிக்கும் ஒரு டிக்கெட் போடுங்கப்பா!” என்று அவருக்கு அடுத்து நின்றவர் குரல் கொடுத்தார்.

எனக்குச் சுருக்கென்றது. “இதுல என்னம்மா பெரிய வித்தை? மரத்தைக் கீறுனா பால் வருது!”

அவர் மூட்டையை அவிழ்த்தார். நுனி வளைந்த ஒரு சின்னக் கத்தியை எடுத்து என் பதிவேட்டின் மேல் வைத்தார். “கொல்லையில ஒரு கித்தா மரம் நிக்குதே, வர்றப்பவே பாத்தேன். வாங்க. கீறிக் காட்டுங்க.”

கித்தா என்றால் இங்கே ரப்பர். அந்த மரம் எங்கள் துரை வேலைக்கு வந்த வருஷம் தன் கையால் நட்டது. கத்தி படாத மரம். அதன்மேல் யாராவது சைக்கிளைச் சாய்த்தால்கூடத் துரையின் முகம் சிவக்கும். அன்று அவர் படகுத்துறைக்குப் போயிருந்தார். புத்தியுள்ளவன் மறுத்திருப்பான். எனக்கோ ரோஷம் ஒரு பக்கம், ஆவல் ஒரு பக்கம். இத்தனை வருஷம் ரப்பரைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்தவன், ரப்பர் மரத்தை ஒருநாளும் தொட்டதில்லை.

முதல் இழுப்பில் தூள்தான் உதிர்ந்தது. இரண்டாவதிலும் அதே.

“மரத்துக்குச் சவரம் பண்றீங்களா கிராணியாரே?”

மூன்றாவது முறை முழு பலத்தோடு அழுத்தினேன். கத்தி உள்ளே போய் மாட்டிக்கொண்டது. பிடுங்கினேன். பால் வந்தது. ஆனால் எந்த ஒழுங்குமில்லாமல், பட்டை வழியே நாலு திசையிலும் ஓடி, என் வெள்ளைக் கால்சட்டையில் சொட்டியது.

“ஐயோ, எலும்பத் தொட்டுட்டீங்களே!” என்று அந்த அம்மாள் கத்தியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். அந்தக் குரலில் கேலி இல்லை. ஏதோ ஒரு பசுவை நான் குத்திவிட்ட மாதிரி இருந்தது.

என் வெட்டுக்கு ஒரு சாண் கீழே கட்டைவிரலால் பட்டையைத் தடவிப் பார்த்தார். கத்தியைச் சாய்வாக வைத்து இழுத்தார். வெங்காயத் தோல் கனத்தில் ஒரு சீவல் சுருண்டு விழுந்தது. இன்னொன்று. இன்னொன்று. பிறகு வெள்ளையாக ஒரு கோடு பூத்து, சாய்வில் அமைதியாக இறங்கி, அவர் செருகிய இலை நுனியில் வந்து சொட்டியது. தவுக்கே எப்போது போனாரோ, என் மேஜையிலிருந்து என் தேநீர்க் குவளையைக் கொண்டுவந்து கீழே பிடித்திருந்தார்.

“வெயில் ஏறிடுச்சு, இவ்வளவுதான் வரும்” என்றார் அந்த அம்மாள். “பட்டைக்கும் கட்டைக்கும் நடுவுல ஒரு தோல் இருக்கு. முட்டை ஓட்டுக்குள்ள இருக்கும்ல, அது மாதிரி. அதத் தொட்டா மரத்துக்குப் புண்ணு. தொடாம, அது பக்கத்துல வரைக்கும் போகணும். அங்கதான் பாலு.”

“பட்டைக்குள்ள இருக்கறது எப்படிம்மா கண்ணுக்குத் தெரியும்?”

“கண்ணுக்கு எங்க தெரியும்? கத்தி சொல்லும்.” கத்தியை முந்தானையில் துடைத்தார். “இன்னிக்கு வெட்டுன எடத்துல மறுபடி பட்ட வளரணும். சில வருசம் கழிச்சு அங்கயே இன்னொருத்தவங்க வெட்டுவாங்க. அவங்களுக்கும் மிச்சம் வைக்கணும்ல?”

அப்போதுதான் பின்னால் பூட்ஸ் சத்தம் கேட்டது. துரை.

அவர் மரத்தைப் பார்த்தார். முகம் சைக்கிள் சாய்த்த நாளைவிடச் சிவந்தது. இதைச் செய்தது யார் என்று ஆங்கிலத்தில் கேட்டார். விரல் என் வெட்டைக் காட்டியது. கண் அந்த அம்மாளைப் பார்த்தது. நான் எதுவும் சொல்லாமல் நின்றாலே போதும், மற்றதைத் துரையே முடித்துக்கொள்வார். அந்த அம்மாளுக்கு ஆங்கிலம் தெரியாது. மூன்று நாளில் கப்பல்.

நான் சொல்லிவிட்டேன். தைரியத்தால் என்று எழுத ஆசைதான். என் கால்சட்டை முழுக்கப் பால் என்பதும் ஒரு காரணம். “மேலே இருப்பது தொழில் தெரிந்தவர் வெட்டியது, ஐயா, அதாவது நான். கீழே இருப்பது கூலி வெட்டியது” என்றேன்.

துரை கீழ் வெட்டை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு என் வெட்டைத் தொட்டார். வேலை போகப்போகிறது என்று தோன்றியதும் எனக்கு ஒரு சுதந்திரம் வந்துவிட்டது. பல வருஷக் கேள்வியைக் கேட்டேவிட்டேன். இது ஏன் பட்டியலில் இல்லை?

அவர் கோபப்படவில்லை. வாசல் வரிசையைக் காட்டி, இதையும் பட்டியலில் சேர்த்தால் கப்பலில் யாரை ஏற்றுவது என்று கேட்டார். உண்மையிலேயே என்னிடம் யோசனை கேட்பது போலக் கேட்டார்.

நான் அந்தப் பட்டியலைத் தலைகீழாகப் படித்துக்கொண்டிருந்திருக்கிறேன். யாருக்கு என்ன தெரியும் என்று பார்த்து யாரும் அதை எழுதவில்லை. யார் போனால் பங்களாவுக்கும் ஆபீசுக்கும் சிரமம் என்று பார்த்து எழுதியிருக்கிறார்கள். அதனால்தான் சமையற்காரரும் ரோஜாச்செடிக்காரரும் நானும் ஒரே வரிசையில் இருந்தோம்.

இந்தக் காயத்தால் மரம் செத்துவிடுமா என்று துரை கேட்டார். நான் தமிழில் கேட்டேன்.

“சாகாது. தாரு தடவணும். புழு ஏறாம மாசா மாசம் வந்து பாக்கணும்” என்று சொல்லிவிட்டு, அந்த அம்மாள் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

அப்படியே மொழிபெயர்த்தேன். ‘மாதாமாதம்’ என்பதை மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொன்னேன். கூடவே, “பங்களாத் தோட்டக்காரர் பட்டியலில் இருக்கிறார், ஐயா” என்றேன்.

துரை என்னைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார். என் சட்டைப் பையிலிருந்த பேனாவை உருவி, தவுக்கே நீட்டிய கடிதத்தின் மூலையில், அந்த அம்மாள் இங்கேயே இருக்கலாம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போனார். இரக்கத்தாலா, மரத்துக்காகவா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. தவுக்கே கடிதத்தை இரண்டு கையாலும் வாங்கி மடித்துக்கொண்டார். “கிராணி, நீங்க மட்டும் நம்ம தோட்டத்துக்கு வராதீங்க லா” என்றார்.

மேஜைக்குத் திரும்பினேன். டிக்கெட் போடச் சொன்னாரே, அவர்தான் அடுத்தவர். உள்ளங்கையை அவரே நீட்டினார். அதே இடத்தில் அதே காய்ப்பு.

“எனக்கும் ஒரு மரம் இருக்கா கிராணியாரே?” என்று சிரித்தார்.

இருந்தது ஒரே ஒரு மரம். ‘கூலி’ என்று எழுதினேன். மாலை வரை எழுதினேன்.

அந்த அம்மாள் மாதாமாதம் படகேறப் போகும் வழியில் வந்து மரத்தைப் பார்த்துவிட்டுப் போனார். தீவில் அவர் கணவர் இருந்தவரை வந்தார். என் வெட்டு ஒரு முண்டாக உப்பி நின்றது. அவர் வெட்டு எங்கே இருந்தது என்றே தெரியாமல் பட்டை மூடிவிட்டது.

சில வருஷங்களில் ரப்பர் விலை எழுந்து உட்கார்ந்தது. ஆள் அனுப்பச் சொல்லி ஊருக்குக் கடிதம் போயிற்று. தட்டச்சு செய்தவன் நான்தான்: பால் வெட்டுவதில் நல்ல தேர்ச்சி பெற்றவர்கள் உடனே தேவை. பிழையில்லாமல் அடித்திருக்கிறாய், தொழில் தெரிந்தவன் என்று துரை தட்டிக்கொடுத்தார்; அந்தப் பாராட்டை யார் சொல்லிக் கேட்டாலும், சிரித்துக்கொண்டே என் மேஜைமேல் நீட்டிய அந்த மனிதரின் கைதான் இன்றும் எனக்கு முன்னால் வந்து நிற்கிறது.