எதையும் திறக்காத லிங்க்குகள்

நுரையீரலில் புள்ளி இருந்த டீச்சர் போன வருஷத்துப் படத்தைக் கேட்டு வந்து நின்றதைச் சொல்வதற்கு முன், அந்தப் படத்தைக் காத்துவந்தவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஸ்கேன் சென்டரின் கம்ப்யூட்டர்களைக் கவனிப்பவள். நாங்கள் வைத்த பெயர் துடைப்பம். அது அவளுக்கும் தெரியும். ரிப்போர்ட் கவுண்டரில் உட்காரும் என்னை மட்டும் அண்ணே என்பாள். மற்றவர்களை நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டாள். வாய் கொஞ்சம் நீளம். அவள் வீட்டில் எந்த விளக்கையும் எரிக்காத சுவிட்ச் ஒன்று இருந்ததாம். அதைக் கழற்றி ஓட்டையை அடைக்கும்வரை புருஷனைத் தூங்கவிடவில்லை.

அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த இடம் இது. கீபோர்டில் பிசுக்கு, மவுசில் யாரோ தின்றுவிட்டுத் துடைத்த எண்ணெய், பெட்டிக்குப் பின்னால் செத்த கரப்பான். உள்ளே இருந்தது அதைவிட அசிங்கம். ஸ்கேன் படங்கள் எல்லாம் ஒரே ஃபோல்டரில்தான் இருந்தன. அங்கே போய்த் தேடச் சோம்பல்பட்டு, தங்கள் மேசையிலிருந்தே அதைத் திறக்க ஆளாளுக்கு லிங்க் போட்டுக்கொண்டார்கள். லிங்க்குக்கு ஒரு லிங்க், அதற்கும் இன்னொன்று. அதிகம் போட்டவர் மேனேஜர், முதலாளியின் மருமகன். 'புதுசு', 'நிஜமாவே புதுசு', 'இதுதான் கடைசி' என்று பெயர்கள். 

ஒரு லிங்க்கை அழிக்கும் முன் அது எங்கே போகிறது என்று துடைப்பம் பார்ப்பாள். பிறகு அழிக்கும் கட்டளையில் அதன் பெயரை மட்டும் அடித்து நிறுத்துவாள். லிங்க் மட்டும் போகும். பெயருக்குப் பின்னால் ஒரு சாய்கோடு விழுந்துவிட்டால், கட்டளை அந்த வழியாக உள்ளே நுழைந்து அசல் படங்களையே வழித்தெடுத்துவிடும். மேனேஜரிடம் இதைச் சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். தலையை ஆட்டுவார், கண் செல்போனில் இருக்கும். ஆனால் அவர் நச்சரிப்பு தாங்காமல் எதையும் அழிக்கவிடும் பாஸ்வேர்டைக் கொடுத்தவளும் அவள்தான்.

மகளுக்குக் காய்ச்சல் என்று அவள் லீவு போட்ட நாளில் டிஸ்க் நிரம்பிவிட்டது. மேனேஜர் தானே உட்கார்ந்து 'இதுதான் கடைசி'யை அழித்தார், சாய்கோட்டோடு. படங்கள் அத்தனையும் போயின. பேக்கப் டிஸ்க்கில் பிரதி இருக்கிறதே என்று அதைத் திறந்தால், அதிலும் ஒரு லிங்க்! இடத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று பிரதியை நீக்கிவிட்டு லிங்க்கை வைத்திருந்தார் அந்தப் புண்ணியவான்.

மறுநாள் காலையில் டீச்சர் வந்தார். புள்ளி போன வருஷம் இருந்த அளவிலேயே இருந்தால் கத்தி வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தாராம். ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய படம் வேண்டும். வீட்டில் இருந்த சிடி கீறிப்போய்விட்டது.

மேனேஜர் எங்களை ஓரமாகக் கூப்பிட்டார். காலை டிபனின் மிச்சம் இன்னும் பல்லிடுக்கில் இருந்தது.

"லிங்க் எல்லாம் அப்படியே இருக்கட்டும், பாக்கறவங்களுக்குப் படம் இருக்கற மாதிரியே தெரியும். சர்வர் ஸ்லோன்னு சொல்லி ஒரு வாரம் அலைய விடுங்க. தானா மறந்துடுவாங்க."

என் வாயில் எச்சில் ஊறியது, துப்புவதற்கு. துடைப்பம் நேராக கவுண்டருக்குப் போனாள்.

"டீச்சர், உங்க படம் இங்க இல்ல. நாங்க அழிச்சிட்டோம். திரும்ப வராது."

டீச்சர் கைப்பையின் ஜிப்பை மூடினார், திறந்தார்.

"அப்ப வெட்டித்தான் பாக்கணுமாம்மா?"

துடைப்பம் அவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். பிறகு டாக்டருக்கு அவளே போன் செய்து, நடந்ததை மேனேஜர் காதுபடவே சொன்னாள். மேனேஜர் கத்த ஆரம்பித்தார். சென்டரின் பெயர் கெட்டுவிட்டதாம்.

அவள் உள்ளே போய் செத்த லிங்க்குகளை ஒவ்வொன்றாக அழித்தாள். பக்கத்தில் நின்று பார்த்தேன். ஒவ்வொன்றும் எங்கே போகிறது என்று முதலில் பார்த்தாள். பிறகு பெயரை மட்டும் அடித்தாள். பறிபோக இனி ஒரு படம்கூட இல்லை. இருந்தும் ஒன்றுக்குக்கூட அவள் சாய்கோடு போடவில்லை.